கூடையைக் கண்டால் பாயும் நாய்

நெய்வேலி,
12.3.1981

கோபாலகிருஷ்ணனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். அன்புள்ள என்று ஆரம்பிக்கப் பேனா ஓடவில்லை, விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்தது. சீசர் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, கீரைக்காரி அதை என்ன சீண்டினாள், யார் சொன்னாலும் நாயைக் கொடுத்துவிடாதே என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய், அவள் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு வீராயி என்று பேர் இருக்கிறது. அவள் பறித்துக்கொண்டு வந்த கீரையைத் தின்றுதான் நீ வளர்ந்தாய்.

நடந்ததைக் கேட்டுக்கொள். அன்று அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். வடக்குத்து கிராமத்திலிருந்து வீராயி கூடையோடு வந்து, வழக்கம்போல வெளியிலேயே நின்று, "நாய கட்டிப் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். கட்டித்தான் இருக்கிறது, வா என்றேன். நீ முருங்கை மரத்தில் கட்டிவிட்டுப் போன அதே முழ நீளச் சங்கிலிதான், நாள் முழுக்க அதிலேயே கிடந்து இழுத்து இழுத்துக் கொக்கி தேய்ந்திருந்தது. அவள் கூடையை இறக்கக் குனிந்தாள், கொக்கி தெறித்தது, நான் கத்துவதற்குள் நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. விளக்குமாற்றால் அடித்தும் விடவில்லை. குழாயடியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன், பக்கத்து குவார்ட்டர்ஸ் சந்திரகலா சுண்ணாம்பு தடவ ஓடி வந்தாள், வேண்டாம் என்று தடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். பொங்கலுக்கு வந்தபோது பண்ருட்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போனாயே, போடவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குத் தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி. "வயிறு கல்லு மாரி ஆயிக்கினு வருதும்மா, குனிஞ்சி கீர பறிக்க முடியல" என்று அழுதாள்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு வந்தான். சண்டை போடவில்லை. "உங்க புள்ள சூ காட்டி உடறப்பவே வீராயி எங்க வூட்டுல வந்து சொல்லிக்கினு இருந்துச்சிங்க. நாந்தான் பெரிய எடம், வாய மூடிக்கினு இருன்னேன்" என்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தபால்காரர் வந்தாலும் பால்காரர் வந்தாலும் சீசர் தலையைத் தூக்குவதில்லை, தலையில் கூடை இருந்தால்தான் பாய்கிறது. அது பாய்ந்தால் பிஸ்கட் போட்டு, கூடை சுமக்கும் பெண்கள் சிதறி ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவன் நீ. வாயில்லா ஜீவன் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை, கோபமெல்லாம் உன்மேல்தான்.

டாக்டர் சொன்னபடி நாயைத் தனியாகக் கட்டிவைத்துக் கவனித்தோம், அதற்கு வெறி இல்லை என்று தெரிந்து ஊசியை நிறுத்தினார்கள். வீராயி பிழைத்தாள், ஆனால் காலை இழுத்துத்தான் நடக்கிறாள், நம் பிளாக் பக்கமே வருவதில்லை. அப்பா பண்ருட்டிக்குப் போய் நாய்க்கு ஊசி போட்டு, நல்ல கழுத்துப் பட்டையும் நீளச் சங்கிலியும் வாங்கி, பின்பக்கம் வேலி அடைத்துவிட்டார். காலையும் சாயங்காலமும் அவரே பிடித்துக்கொண்டு நடக்கிறார், கூடைக்காரிகள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுகிறார். இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அதை உனக்குத் திருப்பித் தருவதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீராயியைப் பார்க்க வடக்குத்துக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவளுடைய சின்ன மகள் என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஓடி, "நாயும் கூட வந்துக்கினு இருக்குதாம்மா?" என்று கேட்டது. லீவில் வந்தால் முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேள். கேட்காமல் இங்கே வராதே, அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

பெற்றவள் சபிக்க முடியாது. நோய் நொடியில்லாமல் இரு, ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். வெயிலில் அலையாதே. அங்கே ஒரு நாய்க்குட்டி வாங்கப்போவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறாய். வாங்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
பார்வதி