உப்புப் பார்க்காத கஞ்சி

ஓட்டமாவடி,
ரமழான் பிறை 26.

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் சுகம். அல்லாஹ்வின் காவலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் பேசினால் வாப்பா பக்கத்திலேயே நிற்பார். அதனால் குவைத்துக்குத் திரும்பும் நிஸ்றா மாமியிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வாப்பா பள்ளிவாசலில்தான் நோன்பு திறக்கிறார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைக் கஞ்சியோடு தனியே. பழக்கத்தில் உங்களுக்கும் சேர்த்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பப் போத்தலில் போடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஆய்வு ஒன்று செய்யச் சொன்னார்கள். ஒரு புலன் வேலை செய்யாதபோது மற்றப் புலன்கள் எப்படிக் கைகொடுக்கின்றன என்பது என் தலைப்பு. நோன்போடு கஞ்சி காய்ச்சுகிறவர்கள் உப்புப் பார்ப்பதில்லை அல்லவா? நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கலாம் என்று மௌலவி சொன்னாலும் நம் ஒழுங்கை வீடுகளில் ஒருவரும் வைப்பதில்லை. பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். ஒரு நாள் காதில் பஞ்சு, ஒரு நாள் மூக்கில் உடுப்புக் கிளிப். என்னை ஏசாத ஆள் இல்லை. காதை மூடியபோது உப்புச் சரியாகவே இருந்தது. மூக்கை மூடிய அன்று ஒன்பது பேரின் கஞ்சி வாயில் வைக்க முடியாமல் கரித்தது. ஒழுங்கையே தண்ணீர் குடித்தது. உப்புக்கு மணமில்லை, அது கரைந்ததும் கஞ்சி ஆவியின் மணம் மாறுவதை மோந்துதான் இவ்வளவு காலமும் உப்புப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் போதாது என்கிறார் டீச்சர்.

எனக்குப் போதும் உம்மா. போன வருடம் நோன்புக்கு லீவில் வந்தீர்கள். பகலில் காய்ச்சிய கஞ்சியெல்லாம் கரித்தது. விடியமுன் சஹருக்கு ருசி பார்த்து ஆக்கிய கறியில் மட்டும் உப்புச் சரி. குவைத்துக்குப் போய் ஸகியாவுக்கு நம்மட உப்பு மறந்து போச்சு என்று வாப்பா உங்களைக் கேலி செய்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆறு வற்றிச் சேறு நாறியபோது நாங்கள் மூக்கைப் பொத்தினோம், நீங்கள் பாலத்தடியில் சும்மா நின்றீர்கள். அதற்கு முந்திய வருடம்தான் குவைத்தில் கொரோனாக் காய்ச்சலோடு பத்து நாள் அறையில் தனியாகக் கிடந்தீர்கள்.

வாப்பாவிடம் சொல்லவில்லை. ஆய்விலும் உங்களை எழுதவில்லை. மணம் தெரியாது என்று அறிந்தால் குசினி வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருப்பீர்கள். ஆனால் அந்த வீட்டில் கேஸ் அடுப்பு. கசிந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நிஸ்றா மாமியோடு ஒரு டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டால் வந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும்.

லீவு முடிந்து போன அன்று வாசலில் என் தலையை மோந்தீர்கள். திரும்பத் திரும்ப மோந்தீர்கள். வான்காரர் ஹோர்ன் அடித்தும் விடவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் நான்தான் தலையை இழுத்துக்கொண்டேன். மாப் செய்யுங்கள் உம்மா. வாருங்கள். இனி எவ்வளவு நேரம் என்றாலும் தலையைக் குனிந்துகொண்டே நிற்பேன்.

உங்கள் துஆவைத் தேடும் மகள்,
இனாயா