கத்தாத பெல்ட்

ஆடி 6, ஞாயிறு
வெயில். காற்று. வீடு முழுக்கப் புழுதி. அண்ணியின் தம்பி சுதன் வவுனியாவிலிருந்து வந்தான், சொல்லாமல் கொள்ளாமல். அண்ணா லண்டனிலிருந்து வருவதற்குள், இங்கே என்னிடம் விட்டுப்போன அவருடைய காரைப் பார்த்து வைக்கவாம். ஸ்டார்ட் செய்து காட்டினேன். எஞ்சின் பெல்ட் வழக்கம்போல் கீச்சென்று கத்தியது. காதைப் பொத்திக்கொண்டான்.
"உந்தக் காரை ஆரக்கா எடுப்பினம்? நீங்களே வைச்சிருங்கோ."
சிரிப்பு வேறு. என் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனான்.

ஆடி 7
பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று பெல்ட்டில் சவர்க்காரம் தேய்த்தேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு முன்னதைவிடப் பெரிய கத்தல். புழுதியும் ஒட்டிவிட்டது. என் புத்தி!

ஆடி 12, சனி
மாங்குளம், கராஜ். மெக்கானிக்கின் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வரேல்லையோ?"
வீட்டுக்காரரும் இல்லை, காரும் என்னுடையதில்லை. அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக் கொண்டுபோகிற வேலை மட்டும்தான் என்னுடையது.
"பெல்ட்டில வெடிப்பு விழுந்துபோச்சு. அதை இழுத்துப் பிடிக்கிற கப்பியும் ஆடுது. ரெண்டையும் மாத்தினால்தான் சத்தம் நிக்கும்."
மாற்றச் சொன்னேன். மற்றக் கப்பிகளில் அப்பியிருந்த சவர்க்காரத்தைப் பழைய பல் பிரஷால் நானே தேய்த்து எடுத்தேன். இனிச் சுதன் சிரிக்கட்டும் பார்ப்போம்.

ஆடி 18
கிளினிக், வவுனியா. பெல்ட் மூச்சுக் காட்டவில்லை. அம்மா பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு, "சத்தமில்லாமல் போறது என்ன சுகம் பிள்ளை." பஸ் படி ஏற முடியாத முழங்கால். எனக்கும் சந்தோஷம்.

ஆவணி 3
அண்ணா வந்தாயிற்று. சொக்லேட், சென்ட். சுதனை ஏற்றிக்கொண்டு காரில் நெடுங்கேணிச் சந்தி வரை ஒரு சுற்று. "நல்லா வைச்சிருக்கிறாய்." மனம் குளிர்ந்தது. சாப்பிடும்போது, "காரைச் சுதனிட்டக் குடுக்கிறன். அவன் வேலைக்குப் போகோணும்."
"அம்மான்ர கிளினிக்?"
"மாசத்தில ஒருக்காத்தானே. பஸ் ஓடுதுதானே."
சுதன் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. அம்மா மகனுக்கு மீன் வைத்தார்.
கத்தவிட்டிருந்தால் கார் இங்கேயே நின்றிருக்கும். மடைச்சி, கப்பி வரை துலக்கி அல்லவா கொடுத்தேன்!

ஆவணி 15
கிளினிக். பஸ். நான் பின்னாலிருந்து தள்ள, நடத்துநர் கையைப் பிடித்து இழுக்க, அம்மா ஒருமாதிரி ஏறினார். இறங்கும்போதே முழங்கால் வீங்கியிருந்தது. திரும்பி வர வவுனியாவில் தெருவோரம் நின்றோம். கார் எங்களை உரசுகிற மாதிரிப் போனது. சுதன் பார்க்கவில்லை. அம்மா திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார்.
"எங்கட காரெல்லே? வந்ததே கேக்கேல்லைப் பிள்ளை."