வெள்ளை எருதுக்குப் பூசிய சுண்ணாம்பு

கோவிந்தாபுரம்,
பவ வருஷம் கார்த்திகை 8

சிரஞ்சீவி கந்தப்பனுக்கு உன் அப்பன் மாரப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், பட்டணத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதினால்தான் எங்கள் சுகம் முழுசாகும். மழை இந்த வருஷம் தென்மலைப் பக்கம் நின்று பெய்கிறது, கிணறு மேலே வந்துவிட்டது, பறித்த கடலைக்காயை உலர்த்தத்தான் வெயில் இல்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் காகிதம் போன மாசக் கடைசியில் வந்தது. ஐந்து மாசமாய் வாத்தியார் ஒரு மரம் மட்டை வரைய விடவில்லை, பலகையைச் சாய்த்து வைத்துத் தண்ணீர்ச் சாயத்தில் பட்டை பட்டையாய் இழுக்கவே சொல்கிறார், அலுத்துப் போய்விட்டது, தை பிறந்ததும் படிப்பை விட்டு ஊருக்கே வந்து காட்டைப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் படிக்கப் படிக்க உன் ஆத்தாளுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு கட்டச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன், ஏர் பிடிக்க ஆளில்லாமல் படுகிற பாடு எனக்கல்லவா தெரியும். உடனே வா என்று பதில் எழுத உட்கார்ந்தவன்தான், அப்படி என்ன பெரிய பட்டை, ஒரு மனுஷனை ஐந்து மாசம் உட்கார வைக்க என்று தோன்றியது. நீ விட்டுப்போன சாயப்பெட்டியையும் மிச்சமிருந்த தடித்த தாள்களையும் பரணிலிருந்து இறக்கினேன். தண்ணீர்தானே, முப்பத்தைந்து வருஷமாய்த் தண்ணீர் கட்டுகிறவனுக்குத் தெரியாததா என்று ஒரு திமிர்.

நீ எழுதியிருந்தபடியே பலகைக்கு அடியில் செங்கல் வைத்து, பிரஷ் நிறையக் காவிச் சாயம் எடுத்து, இடமிருந்து வலமாய் ஓர் இழுப்பு இழுத்தேன். கீழ் ஓரத்தில் சாயம் திரண்டு நின்றது. அது காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும், பாத்திக்குப் பாத்தி மடை திருப்புகிற வேலைதான். ஆனால் மேலே ஓரிடம் வெளுத்துக் கிடந்தது, சும்மா விடுவேனா, உடைந்த வரப்பை அணைக்கிறவன் மாதிரி திரும்பப் போய் ஒரு தடவு தடவினேன், அரைகுறையாய்க் காய்ந்திருந்த இடமெல்லாம் தேமல் பிடித்துவிட்டது. உன் ஆத்தா எட்டிப் பார்த்து, ஏனுங்க, வெத்தலை எச்சல் பட்டுருச்சுங்களா என்று கேட்டாள். மழைக்குக் காட்டு வேலை இல்லாததால் பன்னிரண்டு நாள் விடாமல் உட்கார்ந்தேன். தாளின் இரண்டு பக்கமும் இழுத்து, ஒன்பதாம் நாள் ஒரே ஒரு பட்டை தேமலில்லாமல் வந்தது. பிரஷை அழுத்தி வைத்து மெல்லத் தூக்கினால் ஒரே இழுப்பில் இலை வருமாமே, எனக்குப் புழுதான் வந்தது. மேலே அடர்ந்து கீழே மங்குகிற பட்டை கடைசிவரை வரவே இல்லை. நீ காகிதத்தோடு வைத்து அனுப்பிய நீலப் பட்டைத் தாள் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீலம் எந்த இடத்தில் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை கண்ணு. அடேயப்பா, என் மகன் கையா இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இதை அலுப்பு என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இனி, சொல்ல வெட்கமாயிருப்பதைச் சொல்கிறேன். போன மாட்டுப் பொங்கலுக்கு நம் வெள்ளை எருதை வரைந்து வைத்திருந்தாய். கொம்பு, கயிறு, புல், நிழல் எல்லாவற்றுக்கும் சாயம் இருந்தது, எருதின் உடம்பு மட்டும் வெறும் தாள். வெள்ளைச் சாயம் தீர்ந்துபோயிருக்கிறது, கேட்கக் கூச்சப்பட்டுப் பையன் முடிக்காமல் வைத்திருக்கிறான் என்று நினைத்து, சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொம்புக்கு வர்ணம் பூசுகிற பிரஷாலேயே உடம்பு முழுக்கப் பூசி வைத்தேன். நீ வந்து பார்த்தாய், மத்தியானம் சாப்பிட வரவில்லை. உதவி செய்தவனிடம் முகத்தைத் தூக்குகிறான் என்று நான்தான் வீடு அதிரக் கத்தினேன். ஆனியில் பட்டணம் கிளம்பியபோது பெட்டியை எடுக்கவில்லை, என்னிடம் சரியாய்ச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பெட்டியில் இருக்கிற சாயக்கட்டிகளை முந்தாநாள்தான் ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். வெள்ளை என்று ஒன்று அதில் இருந்ததே இல்லை, அதற்குக் குழிகூடக் கிடையாது. சுற்றிலும் சாயத்தைக் கொண்டுவந்து எருதின் உடம்பு வருகிற இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். நானும் செய்து பார்த்தேன், ஏழு தாளிலும் சாயம் ஓடி எருதின் முதுகு கரைந்துபோயிற்று. நீ வெள்ளையைத் தாளிலேயே விட்டு வைத்திருந்தாய், நான் அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் கெடுத்தவன் நான். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அதனால் படிப்பை விட்டு வராதே. மேட்டுக்காட்டைப் பக்கத்துக் காட்டு அப்புசாமிக்கு, விளைச்சலில் ஆளுக்குப் பாதி என்று வாரத்துக்கு விட்டுவிட்டேன், நேற்று வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று, இனி நீ வந்தாலும் உழ அங்கே காடில்லை. உன் ஆத்தா கேட்டுவிட்டுச் சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவளே வந்து, "பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போகச் சொல்லுங்க, அந்தப் பட்டைய எங்கண்ணு முன்னால ஒருக்கா இழுத்துக் காட்டட்டுமுங்க" என்றாள். அப்படியே வந்து போ.

பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கத்தை விடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வாத்தியார் சிடுசிடுத்தாலும் எதிர்த்துப் பேசாதே. மாரியம்மன் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. அந்த எருதுப் படம் உன் கட்டிலுக்கு மேலே சுவரில்தான் இருக்கிறது. ஈரத்துக்குச் சுண்ணாம்பு உதிர ஆரம்பித்திருக்கிறது, திமிலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீ விட்ட வெள்ளை தெரிகிறது. மிச்சத்தையும் சுரண்டி எடுக்கலாமா என்று கை பரபரக்கிறது. நீ வரும்வரை தொடமாட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பன்
மாரப்பன்