கழுவிய டைல்கள்

ஜூன் 3, புதன்

தேர்வு முடிந்து நான் வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எல்லாம் என்றால், அறை பிரிப்பது, சாப்பாட்டு மேசையில் இடம் பிடிப்பது, யாரோடு யார் என்று சேர்ந்துகொள்வது. மற்ற பயிற்சி மாணவிகள் ஆறு பேரும் திங்கட்கிழமையே வந்து இரண்டிரண்டு பேராக மூன்று அறைகளைப் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கடைசி அறை. நேற்று வரை வலையும் வாளியும் கிடந்த அறையாம், மருந்து நெடி இன்னும் போகவில்லை. ஜன்னல் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறது. கடல் ஆராய்ச்சி நிலையத்தில் கடல் தெரியாத ஒரே ஜன்னல் எனக்கு வாய்த்திருக்கிறது. என் ராசி அப்படி.

அம்மா போனில் கேட்டாள்: "எல்லாரும் நல்லாப் பழகறாங்களா?"

"ம்" என்றேன்.

ஜூன் 5, வெள்ளி

வேலை கொடுத்துவிட்டார்கள். கொட்டலசு. பாறையிலும் படகின் அடியிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்குமே, அதேதான்.

எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் சொன்னார்: "குஞ்சா இருக்கறப்ப நீந்தித் திரியும். ஒரு இடத்துல ஒட்டிடுச்சுன்னா அவ்வளவுதான், ஆயுசுக்கும் அங்கதான். தன் இனம் இருக்கற இடமாப் பார்த்து ஒட்டுதா, காலி இடத்துல ஒட்டுதா? அதைத்தான் நீ பார்க்கணும்."

தரைக்குப் போடும் டைல்கள் ஆறு. மூன்று புதியவை, வெறுமையானவை. மூன்றில் போன வருடத்துக் கொட்டலசுகள் உயிரோடு இருக்கின்றன. ஆறையும் கயிற்றில் கட்டிப் படகுத்துறையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டாயிற்று. சனிக்கிழமைதோறும் தூக்கிப் பார்த்து, புதிதாக ஒட்டியவற்றை எண்ணிவிட்டு, அப்படியே திரும்ப இறக்க வேண்டும்.

இது நன்றாக வந்தால் டிசம்பரில் இறுதியாண்டு ஆய்வுக்கு இங்கேயே வரலாம் என்றும் மேடம் சொன்னார். வராவிட்டால் அப்பா பார்த்து வைத்திருக்கும் வங்கித் தேர்வு வகுப்பு. "ஒரு கோடைதான். அப்புறம் நான் சொல்றதைக் கேக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஆக, என் தலையெழுத்து ஆறு டைல்களில் தொங்குகிறது.

ஜூன் 8, திங்கள்

பக்கத்து அறைக்காரிக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் விளக்கை அணைக்கும் வரை ஓயமாட்டாள். சுவர் வழியாக அவள் பெரியப்பா மகனின் கல்யாணப் பேச்சு உட்பட எல்லாம் எனக்கு அத்துபடி. அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை வேலை. பாட்டில்களை மும்முறை கழுவி, காய வைத்து, மறுபடி கழுவுகிறாள்.

இன்று வராந்தாவில் வழிமறித்தாள். "நீ என்ன பண்றே? துறையில என்னவோ கட்டித் தொங்கவிட்டிருக்கியே?"

"சும்மா, டைல்ஸ்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஏன் நான் இப்படி?

ஜூன் 14, ஞாயிறு

எல்லாரும் ஊருக்குள் படம் பார்க்கப் போயிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். கூப்பிட்டிருக்கலாம்.

மேசையில் தனியாகச் சாப்பிட்டேன். ஏழு தட்டுகளை அடுக்கிவிட்டுப் போயிருந்த சமையல்காரர் ஆறைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பிறகு துறைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூக்கவில்லை, சனிக்கிழமைதான் தூக்க வேண்டும். வெறுமனே கயிறு கையில் இழுபடுவது ஏதோ ஆறுதலாக இருந்தது. கொட்டலசோடு உறவு கொண்டாடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அழுகை வந்தது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 20, சனி

ஒட்டியிருக்கின்றன! கடுகில் பாதிகூட இருக்காது. பழைய கொட்டலசுகளை ஒட்டி ஒட்டி, இடித்துக்கொண்டு. வெறும் டைல்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மேடம் வெளியூர். அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி. தண்ணியில நனைஞ்சு காய்ச்சல் கீய்ச்சல் இழுத்து வச்சுக்காதே" என்றார்.

ஜூன் 27, சனி

இன்னும் கூடியிருக்கின்றன. மேடம் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

ஜூலை 3, வெள்ளி

அப்பா வாய் பொன்வாய். காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

நேற்று முழுக்கப் படுக்கை. சாப்பிட வராததைக் கவனித்து ரேடியோ கதவைத் தட்டினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்து மாத்திரையும் ரொட்டியும் கொண்டு வந்தாள். "இன்னைக்கு உன் டைல்ஸ் நாளாச்சே. நான் பார்த்துக்கறேன், நீ படு" என்றாள். தூக்கத்தில் தலையாட்டினேன். எனக்காக ஒருத்தி வந்தாளே என்று மனசு நிறைந்து தூங்கினேன்.

இன்று காலை துறைக்குப் போய்க் கயிற்றைத் தூக்கினேன்.

பளிச்சென்று இருந்தது. ஆறும். புதுத் தட்டு மாதிரி. இரும்புப் பிரஷ் போட்டுச் சுரண்டி, நல்ல தண்ணீரில் மும்முறை அலசி, அழகாகத் திரும்பக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஓடி வந்து அவள் அறைக் கதவைத் தட்டினேன். "ரொம்ப அழுக்கா இருந்துச்சு. கை கூடக் கிழிஞ்சுடுச்சு பாரு" என்று விரலைக் காட்டிச் சிரித்தாள்.

கத்திவிட்டேன். எவ கேட்டா உன்னை? யாரு தொடச் சொன்னா? ஒரு மாசம்டீ! — எல்லாரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அவள் முகம் செத்துப்போயிற்று. "தெரியாதே... நீ சொல்லவே இல்லையே" என்றாள்.

அதுதான். அவள் உலகத்தில் அழுக்கு என்றால் கழுவ வேண்டும். என் உலகத்தில் என்ன இருக்கிறது என்று நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 6, திங்கள்

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொட்டியில் உயிருள்ள கொட்டலசுகளோடு கிடந்த பழைய டைல்கள் மூன்றை எடுத்துக் கொடுத்து, "மறுபடி தொங்கவிடு. வந்த வரைக்கும் வரட்டும்" என்றார்.

ஜூலை 8, புதன்

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரேடியோவை அணைத்தது நான்தான். பெரியப்பா மகனின் கல்யாணம் நிச்சயமானதா என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை நாள் அந்தச் சத்தத்தைத் துணையாக வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இப்போதுதான் நான் தனியாக இருக்கிறேன்.

ஜூலை 9, வியாழன்

போய்த் தட்டினேன். "வா, ஒண்ணு காட்டறேன்" என்றேன். வந்தாள்.

நுண்ணோக்கியில், புதிதாக ஒட்டிய ஒரு குஞ்சைக் காட்டினேன். தலையைத் தரையில் ஒட்டிக்கொண்டு, காலை வெளியே நீட்டி இரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்வதைச் சொன்னேன். நான் அவ்வளவு பேசி நானே கேட்டதில்லை.

"தலைகீழா நின்னுட்டு காலால சாப்பிடுதா?" கண்ணை எடுக்காமலே கேட்டாள். பிறகு மெதுவாக: "இந்த மாதிரி எத்தனையை நான்..."

"கல்யாணம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் கல்யாணம்?"

"உங்க பெரியப்பா பையன்."

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

ஜூலை 17, வெள்ளி

பயிற்சி இன்றோடு முடிகிறது. என் வேலையைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்லி முடித்தேன். டைல்கள் கழுவப்பட்டதையும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து ரேடியோ எழுந்து, "நான்தான் கழுவினேன்" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை.

புதிதாகத் தொங்கவிட்டதில் ஒட்டியவை சொற்பம். மேடம் நேராகவே சொல்லிவிட்டார்: "இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. டிசம்பருக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

டைல்களை எடுத்துவிடவா என்று கேட்டேன். எடுத்துவிடு, இங்கே யார் பார்ப்பது என்றார். அப்போதும் நின்றுகொண்டிருந்தவள், "எங்க வீடு பக்கம்தான் மேடம். ஒரு பஸ். சனிக்கிழமை நான் வந்து பார்க்கறேன்" என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். "என்ன, விடலாமா?"

மறுபடி அவள் கையிலா? — "விடலாம் மேடம்" என்றேன்.

ஜூலை 18, சனி

கிளம்பியாயிற்று. பேருந்தில் பக்கத்து இருக்கை காலி.

ஆகஸ்ட் 1, சனி

வங்கித் தேர்வு வகுப்பு. கூட்டு வட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பேசுவதில்லை, நானும்தான். மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது, ஈரம் சொட்டும் ஆறு டைல்கள். கீழே ஒரு வரி: 'கழுவல. தொடவே இல்ல. சத்தியமா.'

வகுப்பில் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்பதுபோல் பார்த்தாள். படத்தைக் காட்டி, கொட்டலசு என்று ஆரம்பித்தேன்.

அக்டோபர் 31, சனி

ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை அவள். மழையில்கூடப் போயிருக்கிறாள். இன்றைய படத்தில் பழைய கொட்டலசுகள் இருந்த மூன்று டைல்களிலும் டைலே தெரியவில்லை. வெறும் டைல்களில் இன்னும் பாதி இடம் காலி.

மேடம் கூப்பிட்டார். "டிசம்பர்ல வந்துடு. எண்ண வேண்டியது நிறைய இருக்கு."

அப்பா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல பழசு எது, புதுசு எது?" காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிசம்பர்ல அங்க குளிருமா?" என்றார். அம்மா எழுந்து போய்ப் போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள்.

ரேடியோவுக்குப் போன் செய்தேன். அவளுக்கும் அங்கே தண்ணீர் வேலை கிடைத்திருக்கிறதாம். எனக்கென்று ஒதுக்கிய கடைசி அறையில் இரண்டாவது கட்டில் போடச் சொல்லிவிட்டாளாம். அந்த ஜன்னலில் கடல் தெரியாது, தண்ணீர்த் தொட்டிதான் தெரியும் என்றேன்.

"தெரியட்டும். நீ வந்து எண்ணு, நான் பிரஷ்ஷை வீட்டிலேயே வச்சுட்டு வரேன்" என்றாள்.