ஒன்பதாம் அத்தியாயத்தின் பிழைகள்

ஔந்த், பூனா
11.6.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

வேதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் குடியாத்தத்து வெயில் இதற்குள் பழகியிருக்கும். வேலை முழுக்க இங்கே கட்கியில் பார்த்த நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போனீர்கள். கல்யாணமாகி ராணிப்பேட்டைக்குப் போன நான், என் பிள்ளை கோகுலின் வேலையோடு பூனாவுக்கே திரும்பி வந்துவிட்டேன். நல்ல வேடிக்கைதான்.

பார்சலைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். மாயக் கதை. ஏட்டூர் என்று ஓர் ஊர். அங்கே வீட்டுக்கு ஒரு புத்தகம் உண்டு. வீட்டார் எதை மறைக்கிறார்களோ அதை அந்தப் புத்தகம் தானாகவே எழுதிக்கொள்ளும். சுடரி என்ற பெண், தன் வீட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு போகிறாள். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் அகல்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். எட்டு அத்தியாயம் படித்துவிட்டு, அச்சுக்குக் கொடுங்கள் என்கிறாள்.

எனக்குத்தான் பயம். அப்பா இறந்தபோது அவர் பாக்டரியில் வாரிசு வேலைக்கு நான் மனுப் போட்டேனே, நினைவிருக்கிறதா? ஆபீஸில் என் மனுவின் இங்கிலீஷைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், கூப்பிட மாட்டார்கள் என்று நீங்கள் வந்து சொன்னீர்கள். அன்றிலிருந்து எதை எழுதினாலும் பக்கத்தில் யாரோ சிரிப்பதுபோலவே இருக்கிறது. நீங்கள் படித்துப் ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அச்சுக்குக் கொடுப்பேன். இல்லாவிட்டால் பரண்தான்.

தங்கள் அன்புத் தங்கை,
வேதா

குடியாத்தம்
27.6.2005

வேதாவுக்கு ஆசிகள்.

பார்சல் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இப்படியும் ஒரு நோய் வருமா என்று இருக்கிறது. முழங்கால் வலி வந்திருந்தால் தைலமாவது சொல்லியிருப்பேன்.

புத்தகம் தானாகவே எழுதிக்கொள்ளுமாம். அப்படியானால் நீ எதற்கு விரலை ஒடித்துக்கொள்கிறாய்? வெறும் நோட்டு ஒன்றை வாங்கிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டியதுதானே. பூனாவில் நம் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் பதினெட்டு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். புத்தகங்கள் மாயமாய் மறைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். தேடிப்போனால் ஏதாவது ஓர் உறுப்பினர் வீட்டு அலமாரியில் இருக்கும். அதற்குமேல் மாயம் எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

என் பென்சில் படாமல் பிழையுள்ள புத்தகம் எதுவும் அந்த நூலகத்தை விட்டு வெளியே போனதில்லை, உனக்கே தெரியும். உன்னுடையதில் ஒரு பென்சிலே தீர்ந்துவிட்டது. பக்கம் 12: முழுநிலவு காய்கிறது, நான்கு வரி தாண்டினால் அமாவாசை. பக்கம் 31: சுடரி மூன்று நாள் நடக்கிறாள். எதைத் தின்றாள்? பக்கம் 58: புத்தகத்துக்குத் தாகம் எடுக்கிறது, அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். நனைந்த புத்தகம் என்ன ஆகும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்ல யோக்கியதை இல்லாதவர்கள்தான் இல்லாததை எழுதுவார்கள். அந்த அகல்யாவுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அச்சு வேண்டாம். சிரிப்பார்கள். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

ஆனாலும் மிச்சத்தையும் அனுப்பு. எதையும் பாதி திருத்திப் போட்டுவிடுவது என் வழக்கமில்லை.

ஜம்புலிங்கம்

ஔந்த், பூனா
9.7.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் தீர்ப்பு கிடைத்தது. அமாவாசையைப் பதினைந்து நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். வழிக்குச் சுடரிக்கு நாலு பாக்ரி ரொட்டியும் வெங்காயமும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போதுமா? புத்தகத்தின் தாகத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன். இது கதை அண்ணா, சங்கத்தின் வருடாந்திர அறிக்கை இல்லை.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வந்தபின் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மருமகள் ரீனாதான், “ஆயீ, உங்க அண்ணாவுக்கு இந்த மாயம், ஜாதூ எல்லாம் பிடிக்காது, அவ்ளோதான். ஜாவூ தே, விடுங்க. நீங்க எழுதுங்க” என்றாள். மராட்டிப் பெண். தமிழில் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாதவளுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு இல்லை.

ஒன்பதாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. அரசவையில் எழுத்தர் வேலைக்குச் சுடரியைக் கூப்பிட்டு ஓர் ஓலை வருகிறது. அவள் அண்ணன் அதை மறைத்துவிட்டு, அவளுக்கு இஷ்டமில்லை என்று போய்ச் சொல்லி, அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறான். அவனை எழுதும்போது எனக்குத் தனி உற்சாகமே வந்துவிட்டது. கொஞ்சம் கருணையோடு படியுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
வேதா

குடியாத்தம்
20.7.2005

வேதா,

சுற்றி வளைத்துக் குத்துகிறாய். நேரே கேட்கத் துப்பில்லை, அதற்கு ஏட்டூர், சுடரி, மாயப் புத்தகம். இந்த நாடகத்துக்காகவா எட்டு அத்தியாயம் என்னைப் படிக்க வைத்தாய்? யார் சொன்னது உனக்கு? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சுந்தரமூர்த்திதானே? அவன் வாயில் எது நின்றிருக்கிறது?

சொல்வதென்று வந்தபின் சரியாகச் சொல்லியிருக்கலாம். அதிலும் பிழைதான்.

பக்கம் 143: சிவப்பு முத்திரையிட்ட ஓலை. தவறு. பழுப்பு உறை, மூலையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, அவ்வளவுதான். பக்கம் 144: மண் குதிரையின் வயிற்றில் ஒளித்து வைத்தான். தவறு. யாரும் எதையும் ஒளிக்கவில்லை. கட்கி ஸ்டேஷன் எதிரில் இருந்த இரானி ஹோட்டல் அடுப்பில் போட்டேன். பக்கம் 145: பொய்க் கையெழுத்துப் போட அவன் கை நடுங்கியது. எதற்கு நடுங்க வேண்டும்? கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலை வேண்டாம் என்று மூன்று வரி. உன் கோணல் கையெழுத்தைப் போடுவது என்ன பெரிய வித்தையா? பக்கம் 146: அரசவை எழுத்தராம். டைப்பிஸ்ட் வேலை, அதுவும் முதல் ஆறு மாதம் தற்காலிகம். உன்னைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்க ஒன்றும் கூப்பிடவில்லை. பக்கம் 147: தங்கை மூன்று நாள் அழுதாள். நீ அழவே இல்லை. நான் வந்து சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

இருபத்தைந்து வயதுத் தடியன் நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, நீ சைக்கிளில் ஆபீஸ் போனால் குவார்ட்டர்ஸில் என்ன பேசியிருப்பார்கள்? அம்மாவைக் கடைசிவரை யார் வைத்துப் பார்த்தது? உனக்கு மாப்பிள்ளை தேடி அலைந்தது யார்? இதற்கெல்லாம் ஓர் அத்தியாயம் உண்டா?

ஒன்பதை எடுத்துவிடு. உன் அண்ணி ஆனந்தவல்லிக்கு இது எதுவும் தெரியாது. அவளிடம் வாயைத் திறக்காதே.

ஜம்புலிங்கம்

ஔந்த், பூனா
3.8.2005

ஜம்புலிங்கம் அவர்களுக்கு,

என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சுந்தரமூர்த்தி போன வருஷமே இறந்துவிட்டார். சுடரியின் அண்ணனை, என் கணவரின் அண்ணனை மனதில் வைத்து எழுதினேன். நீங்கள் என் நினைவில் வரவே இல்லை.

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. கோகுலிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இரானி ஹோட்டல் அடுப்புவரை வந்தவன் நிறுத்திவிட்டு, “ஏம்மா, மாமா ‘போட்டேன்’னு எழுதியிருக்காரு? கதையில அவரும் வர்றாரா?” என்றான். வருகிறார், மேலே படி என்றேன்.

உங்களை எவ்வளவு பெரிய அறிவாளி என்று நினைத்திருந்தேன்! ஊரில் இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் பென்சிலைச் சீவிக்கொண்டு போனீர்கள். ஒரு கதையைக் கதையாகப் படிக்கத் தெரியவில்லை. பிழை திருத்துகிறேன் என்று உட்கார்ந்து, பக்கம் போட்டு வரிசையாக வாக்குமூலம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். என் வில்லனுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் புத்தி கொடுத்திருந்தேன்.

வேலையை எடுத்துக்கொண்டீர்கள், போகட்டும். அம்மாவைப் பார்த்தீர்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஏன் சேர்த்துச் சொன்னீர்கள்? கூப்பிடவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாமே. அது உங்களுக்குப் போதவில்லை. பத்தொன்பது வயதில் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடித்தேன். முப்பத்தாறு வருஷம் ஒரு மணியார்டர் பாரத்தைக்கூடப் பயந்து பயந்து நிரப்பினேன். அன்றைக்கு நான் அழவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை நம்பினேன், அதனால் அழவில்லை. இப்போதுதான் அழுதேன், அதுவும் மூன்று நாள் இல்லை. அந்தப் பக்கத்தையும் திருத்திவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பு அகல்யா போன் செய்தாள். “ஒன்பதாவது அத்தியாயத்த எடுத்துடலாம்மா. கூடப்பிறந்தவளுக்கு எந்த அண்ணன் இப்படிச் செய்வான்? படிக்கிறவங்க நம்பமாட்டாங்க” என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக்கூடக் கொடுத்துவிட்டேன். நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்த அத்தியாயமே இருந்திருக்காது.

போன வாரம் உட்கார்ந்து அதைப் புதிதாக எழுதினேன். தங்கள் திருத்தங்கள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டேன். முத்திரை போய்விட்டது, பழுப்பு உறை வந்திருக்கிறது. மண் குதிரைக்குப் பதில் டீ கொதிக்கிற அடுப்பு. கை நடுங்கவில்லை. இன்று காலை அகல்யா படித்துவிட்டு, “இப்ப நம்புறேம்மா” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் பரவாயில்லை எனக்கு இனி வேண்டாம். புத்தகம் தை மாதம் வருகிறது. அண்ணியிடம் வாயைத் திறக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். திறக்க மாட்டேன். முதல் பிரதியை அவர்கள் பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

வேதநாயகி