வாய்க்காலில் நின்ற அப்பா

குவைத், 12.6.2023

அன்புள்ள அம்மாவுக்கு ரெமிஜியஸின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

நம் வாய்க்காலை இந்த வருஷம் தூர்வாரிவிட்டதாக அரசு இணையதளத்தில் படம் போட்டிருந்தார்கள். அதில் மண்வெட்டியோடு சிரித்தபடி நிற்பது அப்பா! போன வருஷம் யாரும் வராததால் "நம்மளே வெட்டிக்குவோம்" என்று இறங்கினாரே, அன்று எடுத்த படம். போன வருஷமே நாம் அடக்கம் செய்தவரைக் காட்டியா இந்த வருஷ வேலை? பொறுக்காமல் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். நேற்று பதில் வந்தது: "தாங்கள் குறிப்பிடும் படம் இணையதளத்தில் இல்லை." போய்ப் பார்த்தேன், எடுத்துவிட்டார்கள். ஊரே பார்க்கப் போட்டதுதானே, எங்கே போகும் என்று நான் சேமித்து வைக்கவில்லை.

நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தங்கச்சி லின்சியின் போனில் அப்பா படம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். சிரிக்காத படமானாலும் பரவாயில்லை.

ரெமிஜியஸ்