நீ இல்லையென்று எழுதிய தவளை

அன்புள்ள தவளைக்காரிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தவளை என்ற பேச்சையே இனி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாய். இத்தனை மாதமும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்று முடியாது. கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

உன் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் மண் கொட்டி லாரி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். தண்ணீரை இறைக்க என்னையே கூப்பிட்டார்கள். பம்பை ஓட்டியதும், பேரிங் காய்ந்த மோட்டார் போல ‘டிரிக், டிரிக்’ என்று ஒரு சத்தம். என் பம்புதான் மக்கர் செய்கிறது என்று அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

முழங்கால் சேற்றில் இறங்கித் தேடினேன். இலைக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மரத்தவளை. தாவியபோது தொடையின் உள்பக்கம் செங்கல் நிறம் தெரிந்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் நீ சொல்லிச் சொல்லி என் காதைப் புளிக்க வைத்த அதே அடையாளம். பம்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை கொடுத்த அதிகாரியிடம் சொன்னேன், சிரித்தார். “உங்க சம்சாரமே அந்த இனம் இனிமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே” என்றார். அது தாவும்போது நான் எடுத்த படத்தில் இலை மட்டும்தான் தெளிவு. “அவங்களே வந்து பாத்துச் சொல்லட்டும், நிறுத்துறேன். திங்கக்கிழமை வரைக்கும்தான்” என்று முடித்துவிட்டார்.

அதுவரை பொறுக்காமல் மண் லாரி வந்தது. பாதையின் குறுக்கே என் வேனை நிறுத்தினேன். “வண்டிய எடுய்யா!” என்று கத்திய ஓட்டுநரிடம், இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்சம் கேளுங்கள் என்றேன். கேட்டார். “இத்தனூண்டு ஜந்துக்கு இவ்வளவு தொண்டையா!” என்று சொல்லி, வந்த வழியே பின்னுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்து வருபவர் அப்படி இருப்பாரா, தெரியாது. யார் வந்தாலும் வேன் நகராது.

ஆய்வுக்கூடத் தொட்டியில் நீ வளர்த்த கடைசித் தவளைகள் நோயால் செத்தன. உன் கையால் அல்ல. இதை நேரில் சொல்லத் தெரியாமல் நின்றேன், எழுதிவிட்டேன்.

தவளைக்காக மட்டும் வா, போதும். டிக்கெட் இதனுடன் இருக்கிறது. இங்கே வருவதற்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

வேனுக்குள்ளிருந்து,
உன் பம்புக்காரன்